பூனை இருக்கும் வீட்டில் அக்கா வேலைக்கு வரும் நேரம்

பூனை வளர்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் தடுப்பூசி, கருத்தடை, மீன் விலை என்று சுற்றிவிட்டுப் பேச்சு கட்டாயம் ஓரிடத்தில் வந்து நிற்கும். "உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்க பூனைக்கு ஒண்ணும் சொல்றதில்லையா?" ஒருவர் வீட்டில் பூனைக்குப் பயந்து அந்த அம்மா வேலையை விட்டே நின்றுவிட்டார். இன்னொருவர் வீட்டில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் போகும் பூனை மதியம் வரை வெளியே வருவதில்லை. மற்றொருவர் வீட்டில் குப்பையை வெளியே வைக்கத் திறந்த கதவு வழியாகப் பூனை படியிறங்கிப் போய், தெருத்தெருவாகத் தேடி மீட்க வேண்டியதாயிற்று.

கேட்க மூன்றும் வேறு வேறு கதை மாதிரி இருக்கும். எனக்கு மூன்றும் ஒன்றுதான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு உயிர்களைத் தினமும் ஒரு மணி நேரம் ஒரே வீட்டுக்குள் விடுகிறோம். பூனைக்கு அந்த அக்கா யாரென்று தெரியாது. அக்காவுக்குப் பூனையின் குணம் தெரியாது. இருவரையும் அறிந்தவர்கள் நாம் மட்டுமே. ஆகவே ஏற்பாடு செய்ய வேண்டியவர்களும் நாம்தான். "அது ஒண்ணும் பண்ணாதுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்வதோடு அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

எங்கள் வீடு சென்னையில், மூன்றாவது மாடி ஃபிளாட். முத்து, கருப்பி என்று இரண்டு பூனைகள். இரண்டும் வெளியே போகாதவை. காலிங் பெல் அடித்தால் முத்து வாசலுக்கு ஓடுவான், கருப்பி மறைந்துவிடுவாள். காலையில் அக்கா வந்து பாத்திரம் தேய்த்து, பெருக்கி, மாப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். இந்த மூவரும் நிம்மதியாக இருக்க நாங்கள் செய்துவைத்திருப்பவற்றையும், ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

பூனைக்கு அந்த ஒரு மணி நேரம்

முதலில் பூனையின் பக்கம் நின்று பார்ப்போம். நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்கு ஏறத்தாழ 85 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. எலிக்குஞ்சு கத்துவதைக் கேட்டு வேட்டையாட அமைந்த காது அது. நாற்காலியை இழுப்பது, எவர்சில்வர் பாத்திரங்கள் சிங்க்கில் மோதுவது, வாளிக் கைப்பிடி விழுவது எல்லாம் நமக்குச் சாதாரணச் சத்தம். அந்தக் காதுக்கு அப்படி இல்லை.

அடுத்தது வாசனை. பூனை கதவு மூலையிலும் சோபா ஓரத்திலும் நம் காலிலும் கன்னத்தைத் தேய்க்கிறதே, அங்கெல்லாம் தன் முகச் சுரப்பிகளின் வாசனையை விட்டுச் செல்கிறது. இந்த இடம் எனக்குப் பழக்கமானது, இங்கே பயமில்லை என்பதை அது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் விதம் அது. வீடு முழுக்கத் துடைத்து முடிக்கும்போது அந்த அடையாளங்களில் பாதி போய்விடுகிறது. கூடவே புது ரசாயன வாசனையும் ஏறுகிறது. துடைத்த கையோடு முத்து ஒவ்வொரு மூலையாகப் போய்த் தேய்த்துக்கொண்டு வருவது இதனால்தான். அந்த நேரத்தில் அவனைத் தூக்கிக் கொஞ்சாமல் விட்டுவிடுவேன். அவன் வீட்டை அவன் சரிசெய்துகொள்கிறான்.

அதனால் தரையைத் துடைக்கச் சொல்லும் நான், பூனைகள் வழக்கமாகக் கன்னம் தேய்க்கும் சுவர் முனைகளையும் கதவு ஓரங்களையும் தினமும் துடைக்க வேண்டாம் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கறை தெரிந்தால் ஈரத்துணியே போதும். பூனைகள் படுக்கும் விரிப்புகளையும் ஒரே நாளில் எல்லாவற்றையும் துவைப்பதில்லை. ஒன்று துவைத்தால் இன்னொன்று பழைய வாசனையோடு இருக்கும்.

முதலில் அக்காவிடம் கேட்க வேண்டியவை

வேலை பேசும்போதே, சம்பளம் பேசுவதற்கு முன்பே, பூனை இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு கேட்கவும் வேண்டும். நான் இப்படித்தான் கேட்டேன்:

"அக்கா, பூனைன்னா உங்களுக்குப் பயமா? இருந்தா சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"பயம் இல்லம்மா. முடிதான் யோசனையா இருக்கு. சின்னவனுக்கு இளைப்பு இருக்கு."

பூனை முடி பட்டால் இளைப்பு வரும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைப் பலரும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஒவ்வாமையைக் கிளப்புவது முடி அல்ல, ஃபெல் டி 1 என்ற புரதம். பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் அது உண்டாகிறது. பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது ரோமத்தில் படிந்து, காய்ந்து, மிக நுண்ணிய துகளாகக் காற்றில் மிதக்கிறது. துணியில் ஒட்டிக்கொண்டு பூனையே இல்லாத வீடுகளுக்கும் போய்ச் சேர்கிறது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது போதும். ஆக, அக்காவின் கவலை நியாயமான கவலை.

எங்கள் வீட்டில் அதற்குச் செய்திருப்பது எளிய ஏற்பாடு. சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு முழுக்கைச் சட்டை எங்கள் வீட்டிலேயே மாட்டியிருக்கும். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு, கை கழுவிவிட்டுப் போவார். அதைத் துவைப்பது நாங்கள். அவர் வருவதற்கு முன் சோபாவிலும் மெத்தையிலும் உள்ள முடியை ஈரக் கையுறையால் தடவி எடுத்துவிடுவேன். காய்ந்த தரையை வேகமாகப் பெருக்கினால் துகள்கள் மேலே எழும். அதனால் முடி அதிகம் உதிரும் நாட்களில் பூந்துடைப்பத்துக்குப் பதில் ஈர மாப்பே முதலில். அவருக்கு முகக்கவசம் வேண்டுமென்றால் அதையும் வாங்கி வைப்பது நம் கடமை.

இன்னும் சில கேள்விகள் உண்டு. முன்பு எப்போதாவது பூனையோ நாயோ கடித்திருக்கிறதா? கர்ப்பமாக இருக்கிறாரா? பூனை முன்னால் குறுக்கே வந்தால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்குமா? கடைசிக் கேள்விக்குப் பலர் ஆமாம் என்பார்கள். அதற்காக வாதம் செய்யத் தேவையில்லை. அவர் வரும்போது பூனை வாசலில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் முடிந்தது.

லிட்டர் பெட்டி என் வேலை. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, தொற்று உள்ள பூனையின் மலத்தில் வெளியேறலாம். கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். வெளியேறிய உடனே அது தொற்றாது, அதற்கு 1 முதல் 5 நாட்கள் ஆகும். ஆகையால் தினமும் அள்ளிவிட்டாலே ஆபத்து வெகுவாகக் குறையும். வீட்டுக்குள்ளேயே இருந்து, வேகவைத்ததும் பாக்கெட் உணவும் மட்டும் சாப்பிடும் பூனைக்கு இந்தத் தொற்று இருக்கும் வாய்ப்பும் குறைவுதான். ஆனாலும் அந்தக் கணக்கை அடுத்தவர் உடம்பை வைத்து நாம் போடக் கூடாது. அக்கா வருவதற்கு முன் அள்ளி, கட்டி, குப்பையில் போட்டுவிட்டால் அவர் அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை.

பூனைக்கென்று ஓர் அறை

கருப்பி மாதிரிப் பூனைகளுக்கு மிகப் பெரிய உதவி, மூடிய கதவுக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே தண்ணீர்க் கிண்ணம், லிட்டர் பெட்டி, படுக்க அவளுடைய பழைய போர்வை, ஒளிய ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். தண்ணீரும் லிட்டரும் எதிரெதிர் மூலையில் இருப்பது நல்லது.

அட்டைப்பெட்டியைச் சும்மா விளையாட்டுப் பொருள் என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் மூன்றாம், நான்காம் நாட்களிலேயே மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. ஒளிவது பூனைக்கு நோய் அல்ல, தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. ஒளிந்திருக்கும் பூனையை "வா, அக்காவைப் பாரு" என்று வெளியே இழுப்பதுதான் கெடுதல்.

இதில் நேரம் முக்கியம். பெல் அடித்த பிறகு துரத்திப் பிடித்து அறைக்குள் தள்ளினால், அந்த அறையே பயத்தோடு சேர்ந்துவிடும். அக்கா வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே காலைச் சாப்பாட்டை அந்த அறையில் வைத்துவிடுவேன். இரண்டும் தானாக நடந்து உள்ளே போகும். அக்கா வராத நாட்களிலும் காலைச் சாப்பாடு அங்கேதான். அந்த அறை என்றால் சாப்பாடு என்று பூனைக்குப் பதிய வேண்டும்.

அந்த அறையை எப்போது பெருக்குவது? அதுதான் கடைசி அறை. மற்ற இடங்கள் துடைத்துக் காய்ந்ததும் பூனைகளை ஹாலுக்கு விட்டுவிட்டு அதைப் பெருக்கலாம். வெளியே வர மறுக்கிற நாளில் அந்த அறையை விட்டுவிடுங்கள். மாலையில் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே அறை உள்ள வீடு என்றால் பாத்ரூமில் அடைப்பதைத்தான் பலரும் முதலில் யோசிக்கிறார்கள். அங்கே ஈரம், ஆசிட் வாசனை, ஒளிய இடமின்மை எல்லாம் சேர்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய கேரியரைத் திறந்தபடியே ஒரு மூலையில் நிரந்தரமாக வைத்து, மேலே துணி போர்த்தி, அதற்குள் சாப்பாடு கொடுத்துப் பழக்குங்கள். உயரமான அலமாரி ஒன்றின் மேல்தட்டைக் காலி செய்து கொடுத்தாலும் பல பூனைகளுக்கு அது போதும். பெருக்குகிற நேரத்தில் மேலே உட்கார்ந்து பார்க்க இடம் இருந்தால் அவை ஓடுவதில்லை.

வாசல் கதவு, பால்கனி, வாஷிங் மெஷின்

வேலை நேரத்தில் வாசல் கதவு எத்தனை தடவை திறக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். அக்கா உள்ளே வர, வாசல் தெளித்துக் கோலம் போட, குப்பையை வைக்க, மாப் தண்ணீர் கொட்ட, பால்காரருக்கு, கூரியருக்கு. ஒவ்வொன்றும் பூனை வெளியேறக்கூடிய நேரம். நம் ஃபிளாட்டுகளில் மரக்கதவுக்கு வெளியே கிரில் கதவு இருப்பது பெரிய வசதி. ஆனால் கம்பி இடைவெளியில் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். கீழிருந்து இடுப்புயரம் வரை மெல்லிய கம்பிவலை கட்டிவிட்டோம். ஒரு கதவு பூட்டிய பிறகே மற்றொன்றைத் திறப்பது என்பது வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம். அக்காவுக்கு மட்டும் விதி வைத்து, நாம் மீறினால் அந்த விதி நிற்காது.

பூனை வெளியே போய்விட்டால் பழி யார் மேல் விழும் என்று நமக்குத் தெரியும். கதவருகே நின்றவர் மேல் விழும். அதனால்தான் கதவை அவர் கவனத்தை நம்பி விடாமல், பூனைகள் அறைக்குள் இருக்கும்போது மட்டும் வாசல் வேலை நடக்கும்படி வரிசையை வைத்திருக்கிறேன்.

பால்கனி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. நியூயார்க்கில் ஒரு கால்நடை மருத்துவமனைக்கு மாடியிலிருந்து விழுந்து கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்பதை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். விழுந்த இடத்திலேயே இறந்தவை மருத்துவமனைக்கு வரவே இல்லை. வந்தவற்றுக்கும் நெஞ்சுக்குள் காயம், தாடைப் பிளவு, கால் எலும்பு முறிவு. புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையையே நன்றாக இழுத்து, நான்கு பக்கமும் கொக்கி போட்டுக் கட்டினால் பூனைக்கும் காவல். பால்கனி கழுவும்போது வலையின் கீழ் ஓரத்தை அவிழ்த்தால் திரும்ப மாட்டியதை நீங்கள் கையால் இழுத்துப் பாருங்கள். ஜன்னல் கொசுவலையைக் காவல் என்று நம்ப வேண்டாம். பாய்கிற பூனையின் எடையில் அது பிய்ந்துவிடும்.

வாஷிங் மெஷின், பீரோ, கட்டில் பெட்டி மூன்றும் வேலை நேரத்தில் திறந்து மூடப்படுபவை. பயந்த பூனை இருட்டான இடத்தைத் தேடும். மெஷினை ஓடவிடும் முன் கைவிட்டுப் பார்ப்பதும், அக்கா கிளம்பும் முன் இரண்டு பூனைகளும் கண்ணில் படுகின்றனவா என்று பார்ப்பதும் என் பொறுப்பு.

பினாயில் வாளி

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளில் பூனைக்கு மிகப் பெரிய ஆபத்து விளக்குமாற்றில் இல்லை, வாளியில் இருக்கிறது.

பூனையின் கல்லீரலில் ஒரு குறை உண்டு. ஃபீனால் வகைப் பொருட்களைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்த்து வெளியேற்றும் நொதி நமக்கு இருக்கிறது, நாய்க்கும் இருக்கிறது. பூனைக்கு அது மிகக் குறைவு. அரை மாத்திரை பாராசிட்டமால்கூடப் பூனையைக் கொல்லக்கூடியது என்பதற்கும் இதே குறைதான் முக்கியக் காரணம். கறுப்பு பினாயிலில் இருப்பது நிலக்கரித் தாரிலிருந்து வரும் ஃபீனால் வகைகள். வெள்ளை பினாயிலில் பெரும்பாலும் பைன் எண்ணெய். இரண்டும் பூனைக்கு ஆகாது. பூனை அதைக் குடிக்க வேண்டியதில்லை. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் போதும்.

"பினாயில் வேண்டாம், லைசால் போடுகிறேன்" என்பவர்களும் கவனிக்க வேண்டும். அதுபோன்ற கிருமிநாசினிகளில் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கிறது. நாக்கிலும் வாயிலும் புண் உண்டாக்கும். புண் உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், காய்ச்சல் வரும். பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில் கலந்து, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூனையை விட்டால் ஆபத்து குறைவு. ஒரு மூடிக்குப் பதில் நான்கு மூடி ஊற்றினால் வீடு நான்கு மடங்கு சுத்தமாகிவிடாது, பூனைக்குத்தான் ஆபத்து ஏறும். எலுமிச்சைப்புல் தைலம், யூகலிப்டஸ் தைலம் கலந்த 'இயற்கை' தரைத் திரவங்களும் பூனைக்குப் பாதுகாப்பானவை அல்ல.

டாய்லெட்டுக்குப் போடும் ஹார்பிக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூனை சிறுநீர் கழித்த இடத்தில் பிளீச் ஊற்றினால், சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் வாயு வரும். இவை பூனைக்கு மட்டுமல்ல, குனிந்து தேய்க்கிற அக்காவின் நுரையீரலுக்கும் கெடுதல். அக்காவிடம் இதைச் சொன்னபோது, வேறொரு வீட்டில் இரண்டையும் கலந்து ஊற்றச் சொல்வதாகவும், கண் எரிந்து இருமல் வருவதாகவும் சொன்னார். பூனைக்காகத் தொடங்கிய பேச்சு அவருக்கும் உதவியதில் எனக்கு மிகுந்த நிறைவு.

எங்கள் வீட்டில் அன்றாடத்துக்கு வெந்நீரும், பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டும்தான். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு மாப். கிருமிநாசினி வேண்டியது பாத்ரூமுக்கு மட்டும், கதவை மூடி. பூனை மூத்திர வாடைக்கு என்சைம் திரவம் வாங்கிக்கொள்கிறோம். வாளி தனியாக நிற்கக் கூடாது. கலந்தால் கையோடு துடைத்துக் கொட்டிவிட வேண்டும். ஃபேனைப் போட்டுத் தரை காய்ந்த பிறகே அறைக் கதவு திறக்கும்.

இவற்றோடு மூன்று பொருட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாத்ரூமிலும் பீரோவிலும் போடும் அந்துருண்டையில் நாஃப்தலீன் இருக்கிறது. பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கரப்பான் சாக்குக் கட்டியிலும் பூச்சி ஸ்ப்ரேயிலும் பைரித்ராய்டு வகைகள் உண்டு. அந்த வகையில் பெர்மெத்ரின் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் கொண்டுவரும். வெள்ளிக்கிழமை வீடு துடைத்ததும் போடும் சாம்பிராணி, மூச்சுக்குழாய் பலவீனமான பூனைக்கு இருமலைக் கிளப்பும். பூஜையறை ஜன்னலைத் திறந்து வைத்து, பூனைகளை வேறு அறையில் விட்டுப் போடலாம்.

பாதத்தில் பினாயிலோ கிருமிநாசினியோ பட்டுவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துடைத்து, நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். வரும் வழியிலும் தொண்டையைப் புண்ணாக்கும். அந்தப் பாட்டிலையே கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம்.

விளக்குமாறும் முத்துவும்

முத்துவுக்குப் பயம் இல்லை, வேறு சிக்கல். விளக்குமாறு அசைந்தால் அவனுக்கு அது இரை. பாய்ந்து பிடிப்பான். அக்கா சிரிப்பார். ஆனால் விளக்குமாற்றோடு அவர் காலையும் சேர்த்துப் பிடித்தால் அது சிரிப்பாக இருக்காது. அக்கா வருவதற்கு முன் குச்சியில் கட்டிய துணியை ஓடவிட்டு அவனைக் களைக்கக் களைக்க வேட்டையாட வைத்து, பிறகு சாப்பாடு போடுவோம். வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது பூனையின் இயல்பான வரிசை. அந்தத் தூக்கத்துக்குள் பெருக்குவது முடிந்துவிடும்.

பூந்துடைப்பத்தின் இழைகளையும் மாப் நூலையும் கடித்து விழுங்கும் பூனைகள் உண்டு. நூல், ஊசி, ரப்பர் பேண்டு, பூ கட்டும் நார், தலைமுடிக் கட்டு இவையெல்லாம் குடலில் மாட்டினால் அறுவைச் சிகிச்சை வரை போகும். இங்கே அக்காதான் எங்களுக்கு மிகப் பெரிய துணை. சோபாவுக்கடியில் இருந்து வருவதை முதலில் பார்ப்பவர் அவர். ஹாலில் ஒரு டப்பா வைத்திருக்கிறோம். பெருக்கும்போது கிடைக்கும் நூலையும் ரப்பரையும் அதில் போடுவார். வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

கருப்பியைப் பழக்கியது அக்காவின் பொறுமைதான். முதலில் அவர் பயன்படுத்திய ஒரு துணியை அவளுடைய சாப்பாட்டுத் தட்டருகே வைத்தோம். அடுத்து, அக்கா கிளம்பும் முன் உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலி ஒன்றைத் தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். நேராக உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்ணை மெல்ல மூடித் திறப்பது நட்பு. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அறிமுகமில்லாத ஒருவர் மெல்லக் கண் சிமிட்டிக் கையை நீட்டியபோது பூனைகள் நெருங்கி வருவது அதிகமாக இருந்தது. இதைக் காட்டிக்கொடுத்ததும் அக்கா அழகாகச் செய்தார். இன்று அவர் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும்போது கருப்பி வாசற்படியில் உட்கார்ந்து பார்க்கிறாள். தொடவிட மாட்டாள், தொட வேண்டிய அவசியமும் இல்லை.

அக்கா போன பிறகு

ஒரு நிமிடம் செலவிட்டு லிட்டர் பெட்டியையும் சாப்பாட்டுத் தட்டையும் பாருங்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூனைகளைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பவர் மாறுவது, நேரம் தவறுவது போன்ற மாற்றங்கள் நடந்த வாரங்களில் நோயில்லாத பூனைகள்கூடக் குறைவாகச் சாப்பிட்டன, ஒரு நாள் முழுக்க மலசலம் கழிக்காமல் இருந்தன, பெட்டிக்கு வெளியே கழித்தன. பூனைக்கு வேண்டியது ஒழுங்கு. அக்கா தினமும் ஒரே நேரத்துக்கு வர முடிந்தால் நல்லது. முடியாத நாளில் ஒரு ஃபோன் போட்டால் அறையைத் தயார் செய்துவிடலாம். அவர் விடுப்பில் வேறொருவரை அனுப்பினால், அந்த முதல் நாள் நாம் வீட்டில் இருக்க வேண்டும்.

ஆண் பூனை பெட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து, முக்கி, சிறுநீர் வராமல் தவித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மன அழுத்தத்தில் சிறுநீர்ப்பை வீங்குவது பூனைகளுக்கு உண்டு. ஆணுக்குக் குழாய் குறுகலாக இருப்பதால் அடைத்துக்கொள்ளும். அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

கீறிவிட்டால்

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் நகம் பட்டுவிடலாம். உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. ரத்தம் வராத கீறலுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்தம் வந்தாலோ கடித்தாலோ இம்யூனோகுளோபுலினும் தேவைப்படலாம். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு மருந்து கிடையாது. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். பூனைக் கடி வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் பல் ஆழமாக இறங்கியிருக்கும். ஒரே நாளில் கை வீங்கிவிடலாம்.

கூட்டிப் போவது நாம். ஆட்டோ செலவு நம்முடையது. ஊசிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் சம்பளத்தோடு விடுப்பு. பூனைகளுக்கு ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி போட்டு, அந்த அட்டையை அக்காவிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். "சரியா போச்சு, ஊசி போட்ட பூனைதானே" என்று அவரே சொன்னாலும் மருத்துவரைப் பார்க்க வையுங்கள்.

சம்பளம்

கடைசியாக, பூனை வளர்ப்பவர்கள் பேசத் தயங்கும் விஷயம். பூனை இருக்கும் வீட்டில் வேலை அதிகம். முடி ஒட்டும், லிட்டர் மணல் சிதறும், கதவைப் பார்த்துப் பார்த்துத் திறக்க வேண்டும், தரை காயக் காத்திருக்க வேண்டும், அறைகளை நாம் சொல்லும் வரிசையில்தான் பெருக்க வேண்டும். அதே கட்டடத்தில் பூனை இல்லாத வீட்டுக்கு வாங்கும் அதே தொகையை நம் வீட்டிலும் கொடுத்தால், நம் ஆசைக்கான விலையில் ஒரு பங்கை அவர் தன் உழைப்பால் கட்டுகிறார் என்று அர்த்தம். பூனை உணவுக்கும் மணலுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறோம். அந்தக் கணக்கில் அக்காவின் கூடுதல் நேரத்துக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். அவர் கேட்கும் வரை காத்திருக்காமல், நாமே கூட்டிக் கொடுக்க வேண்டும்.